மூச்சுக்கு நடந்த வழக்கு

"நீங்க முழுசா ஊதல, மிஸ்டர் நேப்பியர்" என்று சொன்ன அந்த டாக்டரின் மூஞ்சியில் எஸ்டில் ஒரு குத்து விட்டிருக்கலாம். விடவில்லை. விடுவதற்கு அவனிடம் மூச்சு இல்லை. நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். உதட்டைச் சுற்றி அந்த அட்டைக் குழாயின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. நான் பக்கத்தில் அவன் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நானாவது குத்தியிருக்கலாம். எனக்கு மூச்சு நன்றாகத்தான் இருந்தது.

நெஞ்சில் எவ்வளவு மூச்சு இருக்கிறது என்று அளக்க எட்டுத் தடவை ஊத வைத்தார்கள். நர்ஸ் பக்கத்தில் நின்றுகொண்டு பிரசவம் பார்க்கிறவள் மாதிரி கத்தினாள். "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும்!" மூன்றாவது தடவையே எஸ்டிலுக்குக் கண் செருகிவிட்டது. கம்பெனி வக்கீல் ஏற்பாடு செய்த டாக்டர் அவர். அவரைப் பார்க்க இரண்டரை மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு லெக்சிங்டன் போனோம். பத்து நாள் கழித்து அறிக்கை வந்தது. நோயாளி ஒத்துழைக்கவில்லை, முயற்சி போதாது, ஆகையால் இந்த அளவுகளை நம்ப முடியாது. அதற்குக் கீழே இன்னும் இரண்டு டாக்டர்கள், எஸ்டிலைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள், ஊதினதை மெஷின் கோடாகப் போட்ட வரைபடத்தை மட்டும் பார்த்து அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நாசமாய்ப் போகிறவர்கள்.

எஸ்டில் நேப்பியர் என் புருஷன். இருபத்தெட்டு வருஷம் நிலக்கரிச் சுரங்கத்துக்குள், கூரை இடியாமல் இருக்க அதில் துளை போட்டு இரும்பு ஆணி இறுக்குகிற வேலை. துளை போடும்போது பாறைத் தூசி நேராக முகத்தில்தான் கொட்டும். ஐம்பத்தெட்டு வயதில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து தபால் பெட்டிவரை போக அவனுக்கு இரண்டு இடத்தில் நிற்கவேண்டி வந்தது. இதற்கு எங்கள் மலைப்பக்கம் கரிநெஞ்சு என்று பேர். என் அப்பாவுக்கு இருந்தது. என் தங்கை லோரீனின் புருஷன் ஆர்பினுக்கு இருந்தது. அவன் செத்ததும் அவனுடைய ஆக்ஸிஜன் மெஷினை லோரீன் எங்களுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். எஸ்டில் வீட்டில் மாட்டிக்கொள்வது அதைத்தான்.

சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. கரிநெஞ்சால் வேலை செய்ய முடியாமல் போனவனுக்குக் கடைசியாக வேலை கொடுத்த கம்பெனி வைத்தியம் பார்க்கவேண்டும், சாகும்வரை மாதாமாதம் தொகை தரவேண்டும், அவன் போனபிறகு பெண்டாட்டிக்குத் தரவேண்டும். தருவார்களா? கல்லில் நார் உரிக்கிற கதைதான். நாங்கள் மனுப் போட்டு ஐந்து வருஷம் ஆகியிருந்தது. கீழ் அலுவலகத்தில் ஒருமுறை ஜெயித்தோம். கம்பெனி விடாமல் நீதிபதி விசாரணை கேட்டது. எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் கறுப்பாகக் கிடப்பதை அவர்களும் மறுக்கவில்லை. அவர்கள் சொன்னது ஒன்றே ஒன்று. இந்த ஆளுக்கு மூச்சு இருக்கிறது, குழாயை வாயில் வைத்ததும் ஊதாமல் நடிக்கிறான்.

எங்கள் வக்கீல் மிஸ் ரென்ஃப்ரோ இதைத் தன் மேஜைமேல் விரலால் தட்டித் தட்டிச் சொன்னாள். சின்ன உடம்பு, பெரிய கண்ணாடி, பேசும்போது பேனாவைக் கடிப்பாள். "நம்ம டாக்டர் உண்மையா ஊதினாருன்னு சொல்றாரு. அவங்க டாக்டருங்க பொய்யின்னு சொல்றாங்க. நீதிபதி எஸ்டிலை நம்பினா ஜெயிச்சோம். நம்பலன்னா போச்சு. மத்த எதுவும் இதுல கெடையாது."

"பொய் சொல்ற ஆளா நானு?" என்றான் எஸ்டில்.

"நீதிபதி நம்பற மாதிரி இருங்கன்னுதான் சொல்றேன்."

"நான் இருக்கற மாதிரிதான் இருப்பேன்."

அவன் அப்படித்தான். கழுதைக்குப் பிடிவாதம் சொல்லிக்கொடுத்தவன் இவனாகத்தான் இருக்கவேண்டும்.

எங்கள் சர்ச் சபையில் பியானோ கிடையாது, கிதார் கிடையாது, பாட்டுப் புத்தகத்தில் ராகக்குறிப்பும் கிடையாது. முன்னால் ஒருவர் நின்று ஒரு வரியை ஒரே மூச்சில், வேகமாக, இழுத்த குரலில் கொடுப்பார். கொடுத்த வரியைச் சபை எடுத்துக்கொண்டு அரை நிமிஷம் நீட்டிப் பாடும். மலையில் பனி இறங்குகிற மாதிரி மெதுவாக. பாடி முடித்ததும் அவர் அடுத்த வரி கொடுப்பார். எஸ்டில் இருபத்திரண்டு வருஷமாக வரி கொடுக்கிறவன். அவன் கொடுத்தால் பின் பெஞ்சில் தூங்குகிறவனும் விழித்துக்கொள்வான் என்பார்கள். பொய்யில்லை.

கடைசி மூன்று வருஷமாக அவனால் வரியைக் கொடுக்க மட்டும்தான் முடிந்தது. கொடுத்து முடித்ததும் இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொள்வான். சபை பாடும்போது வாயை அசைப்பான். சத்தம் வராது. அந்த அரை நிமிஷத்தில் மூக்கால் காற்றைத் திருடிச் சேர்த்து அடுத்த வரிக்கு வைத்துக்கொள்வான். பெண்கள் பெஞ்சில் முதல் வரிசை என்னுடையது. அவன் கழுத்து நரம்பு எனக்குத் தெரியும். மற்ற யாருக்கும் தெரியாது.

"விட்டுத் தொலையேன்" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "ஹோபர்ட் கொடுக்கட்டும். அவன் கொரலும் நல்லாத்தான் இருக்கு."

"ஹோபர்ட்டா? அவன் வரி கொடுத்தா ஆடு கத்தற மாதிரி இருக்கும்."

"நீ வாய அசைக்கறது மட்டும் என்ன அழகாம்?"

"அது எனக்கும் கர்த்தருக்கும் உள்ள விஷயம். நீ நடுவுல வராத."

செப்டம்பரில் எங்கள் சபையின் நினைவுக் கூட்டம். அந்த வருஷம் செத்தவர்களின் பேரைச் சொல்லிப் பாடி, பிறகு வெளியே மரத்தடியில் நீள மேஜை போட்டுச் சாப்பிடுவோம். அதற்கு ஒருவன் வந்தான். நாற்பது வயது இருக்கும். சுத்தமான சட்டை, பாக்கெட்டில் போன். பேர் டக் என்றான். அவனுடைய தாத்தா இந்தப் பக்கத்துக்காரர், அவர் பாடக் கேட்டிருக்கிறேன், அந்தப் பாட்டை இன்னொரு தடவை கேட்க ஆசையாக வந்தேன் என்றான். எங்கள் பக்கம் கூட்டத்துக்கு வந்தவனை யார் என்ன என்று தோண்டமாட்டோம். முன் பெஞ்சில் இடம் கொடுத்தோம்.

கூட்டம் முடிந்ததும் நான்தான் அவனுக்குத் தட்டுப் போட்டேன். கோழிக்குழம்பில் மாவுருண்டை போட்டு நான் செய்வது எங்கள் பள்ளத்தாக்கு முழுக்கப் பேர் போனது. இரண்டாம் முறையும் போட்டேன். பீச் பழ அடையும் வைத்தேன். தின்றான், பாவி, கரண்டியை நக்கித் தின்றான். எஸ்டில் எதிரில் உட்கார்ந்திருந்தான்.

"சார், என்ன கொரல் சார் அது!" என்றான் அந்த டக். "உடம்பு சிலிர்த்துப் போச்சு. உங்களால எவ்வளவு நேரம் இப்படிக் கொடுக்க முடியும்?"

எஸ்டில் சிரித்தான். எனக்கு அந்தச் சிரிப்புத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் என் அப்பாவிடம் தன் லாரியைப் பற்றிப் பேசும்போது சிரித்தது. "ஆளுங்க பாடினா நாள் முழுக்கக் கொடுப்பேன்" என்றான்.

"நாள் முழுக்கவா?"

"சாயங்காலம் வரைக்கும்."

அந்தப் பயல் சட்டைப் பாக்கெட்டில் போனை வைத்து எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டு போய்விட்டான். கம்பெனி வக்கீல் கூலிக்கு அனுப்பிய ஆள் என்று ஐந்து வாரம் கழித்துத்தான் தெரிந்தது. மிஸ் ரென்ஃப்ரோ அவள் அலுவலகத்தில் கம்ப்யூட்டரைத் திருப்பிப் போட்டுக் காட்டினாள். எஸ்டில் நிமிர்ந்து நின்று வரி கொடுக்கிறான். பதினெட்டு வரி, பதினோரு நிமிஷம். ஒரு இருமல் இல்லை. பிறகு மேஜை. "சாயங்காலம் வரைக்கும்." படத்தின் ஓரத்தில் என் கையும் தெரிந்தது, மாவுருண்டை போடுகிற கை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் என்ன என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

"இது நம்மள முடிச்சிரும்" என்றாள் மிஸ் ரென்ஃப்ரோ.

"அவன் பாடவே இல்ல" என்றேன் நான்.

எஸ்டில் என்னை முறைத்தான். நான் நிறுத்தவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். வாய் அசைவு, கழுத்து நரம்பு, மேஜை விளிம்பு. அவள் கடித்துக்கொண்டிருந்த பேனாவை வாயிலிருந்து எடுத்தாள். "அப்ப அதையே சொல்லுங்க எஸ்டில். சத்தியம் பண்ணிட்டு, நீதிபதி முன்னாடி. உங்க வாயால."

திரும்பி வரும்போது வண்டியில் பெரிய சண்டை.

"சபை ஆளுங்களுக்குத் தெரிஞ்சா?" என்றான்.

"தெரியட்டும்."

"கர்த்தர் வீட்டுல நின்னு மூணு வருஷமா வாய அசைச்சவன்னு பேசுவாங்க."

"பேசட்டுமே! பேசறவங்க ஒனக்கு ஆக்ஸிஜன் வாங்கித் தருவாங்களா? நீ போனப்புறம் எனக்குச் சோறு போடுவாங்களா? ஆர்பின் மெஷின் எத்தன நாளைக்கு ஓடும்? ராவெல்லாம் அது கடகடன்னு ஆடுது."

"நீ என்னைச் சாகடிச்சே பேசற."

"சாகாம இருந்தா நான் ஏன் பேசறேன்?" என்றேன். சொன்னபிறகு எனக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் காப்பி குடிக்கும்போது, "சரி. சொல்றேன்" என்றான்.

அடுத்து நான் ஒரு காரியம் செய்தேன். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. சபையில் ஒருவர் விடாமல் போன் போட்டு விசாரணைக்கு வரச் சொன்னேன். எங்கள் பக்கம் ஒருவனுக்குக் கஷ்டம் என்றால் ஆட்கள் வந்து பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள், ஆஸ்பத்திரியானாலும் ஜெயிலானாலும். இவனை இத்தனை பேர் நம்புகிறார்கள் என்று நீதிபதி பார்க்கட்டும் என்று நினைத்தேன். மிஸ் ரென்ஃப்ரோ சம்மதித்தாள். "ஆனா சத்தம் போடக் கூடாது."

"மூணு மணி நேரம் பலகைல அசையாம உக்கார்ற ஜனங்க நாங்க" என்றேன் பெருமையாக.

பத்தொன்பது பேர் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை உடுப்பு. லோரீன் என் பக்கத்தில். மாவட்டக் கோர்ட்டின் இரண்டாம் மாடியில் ஒரு அறை. நீதிபதி வெளியூர்க்காரர், நரைத்த புருவம், நல்ல மனுஷன் மாதிரிதான் இருந்தார். கம்பெனி வக்கீல் ஹாலோவெல் என்னை உள்ளே விடக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "உக்காருங்க மேடம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். அவ்வளவு மரியாதை.

முதல் ஒரு மணி நேரம் காகிதங்கள். பிறகு எஸ்டில் சாட்சி நாற்காலியில் உட்கார்ந்தான். வீட்டிலிருந்து கொண்டுவந்த மெஷினைக் கீழே வைத்துக் குழாயை மூக்கில் மாட்டியிருந்தான். ஹாலோவெல் வீடியோவைப் போட்டான். சபை ஜனங்கள் தங்களையே திரையில் பார்த்து நெளிந்தார்கள். ஹோபர்ட் அந்த டக்கின் குரலை அடையாளம் கண்டுகொண்டு, "அடப்பாவி" என்று முனகினான்.

"இதுல இருக்கறது நீங்கதானே சார்?" என்றான் ஹாலோவெல்.

"நாந்தான்."

"பாட்டை நடத்தறது நீங்க."

"வரி கொடுக்கறேன்."

"பதினோரு நிமிஷம். நடுவுல ஒரு எடத்துலகூட நிறுத்தல."

எஸ்டில் எங்களைப் பார்த்தான். என்னை அல்ல, எங்கள் எல்லோரையும். பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான். "அதுல நான் பாடல சார். ஒரு வரியக் கொடுப்பேன், அதோட என் காத்து தீந்துரும். இவங்க பாடறப்ப நான் வாய மட்டும் அசைப்பேன். மூணு வருஷமா அப்படித்தான்."

பெஞ்சில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். லோரீன் என் கையைப் பிடித்தாள். அவன் காது மடல் சிவந்திருந்தது. முப்பத்தொன்பது வருஷத்தில் அவனை நான் அப்படிப் பார்த்ததில்லை. சொல்லிவிட்டான், என் ராசா சொல்லிவிட்டான், இனி ஜெயித்தோம் என்று நினைத்தேன்.

ஹாலோவெல் அவசரப்படவில்லை. "பாடாமலே பாடற மாதிரி காட்டினீங்க."

"ஆமா சார்."

"சபையில. கடவுள் முன்னாடி."

"ஆமா."

"இங்க இருக்கறவங்க ஒருத்தருக்கும் தெரியாம."

"தெரியாது."

"மூணு வருஷம்." அவன் தன் காகிதத்தை மெதுவாகத் திருப்பினான். "அப்ப, உடம்பால முடியறதும் முடியாததும் அடுத்தவங்களுக்குத் தெரியாம நடிக்கறது உங்களுக்குக் கை வந்த கலைன்னு வச்சுக்கலாமா சார்? டாக்டர் ரூம்லயும்?"

மிஸ் ரென்ஃப்ரோ எழுந்து ஆட்சேபம் என்று கத்தினாள். நீதிபதி அந்தக் கேள்வியை நீக்கச் சொன்னார். எழுதிக்கொண்டிருந்த பெண் நீக்கியிருப்பாள். காதில் விழுந்ததை யார் நீக்குவது? எஸ்டில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனை நான்தான் இந்த நாற்காலியில் உட்கார வைத்தேன். மானத்தையும் கொடுத்தாயிற்று, காரியமும் கெட்டுவிட்டது. ஹாலோவெல் குடும்பமே கட்டையில் போக என்று, கையில் வேதப்புத்தகத்தோடு, மனதார சாபமிட்டேன்.

அப்போது நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "மிஸ்டர் நேப்பியர், நான் இந்தப் பக்கத்துக்காரன் இல்ல. வரி கொடுக்கறது, எடுக்கறதுன்னு சொல்றீங்க. எனக்குச் சரியாப் பிடிபடல. சிரமம் இல்லன்னா ஒரு வரி கொடுத்துக் காட்டறீங்களா? முடிஞ்ச வரைக்கும் போதும்."

மிஸ் ரென்ஃப்ரோ சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் நினைத்தது எனக்குப் புரிந்தது. இதைவிட நல்லது நடக்காது. காலையிலிருந்து பேசிப் பேசி அவனிடம் காற்றே இல்லை. வரி கொடுக்கப் போவான், பாதியில் அறுந்துபோகும், நீதிபதி தன் கண்ணால் பார்ப்பார், எந்த டாக்டரும் தேவையில்லை. அவள் எஸ்டிலைப் பார்த்துத் தலையசைத்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் பண்ணினேன். கர்த்தரே, அவன் மூச்சை அறுத்துவிடும். இந்த ஒரு தடவை அவனைத் தோற்க வையும். பெண்டாட்டி பண்ணுகிற ஜெபமா அது? பண்ணினேன்.

எஸ்டில் குழாயை மூக்கிலிருந்து கழற்றினான். குழாயோடு எவனும் வரி கொடுக்கமாட்டான் என்பது அவன் எண்ணம். எழுந்து நின்றான். நீதிபதி நன்றாகக் கேட்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டார். ஐயோ, அந்த மனுஷன் கண்ணை மூடிக்கொண்டார்!

"இருட்டின் அடியில் என்னை..."

அறுந்துவிட்டது. நான்காவது வார்த்தை வரவில்லை. வாய் திறந்தபடி இருக்கிறது, கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது, உதடு நீலமாகிறது, சத்தம் இல்லை. பத்தொன்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சற்று முன்தான் அவர்கள் முன்னால் தன் மானத்தைக் கழற்றி வைத்தவன், இப்போது வரியையும் விட்டுவிட்டு நிற்கிறான். ஒரு நொடி. இரண்டு நொடிகூட இருக்காது. அந்த அறையில் யாரும் ஒன்றும் செய்யாமல் இன்னும் மூன்று நொடி இருந்திருந்தால் போதும். ஐந்து வருஷத்து வழக்கு அந்த மூன்று நொடியில் முடிந்திருக்கும்.

"...கண்டவரே" என்று ஒரு குரல் எடுத்தது.

என் குரல்.

நான் முடிவு பண்ணி எடுக்கவில்லை. யோசிக்கவும் இல்லை. அவன் வரி தரையில் விழப்போகிறது, நான் பிடித்தேன், அவ்வளவுதான். ஞாயிறு தவறாமல் மூன்று வருஷமாக நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அவன் குரல் தேய்கிற இடத்தில் அரை நொடி முந்தி நுழைந்து மூடிவிடுவேன். யாருக்கும் தெரியாமல் இருந்ததற்கு அவன் சாமர்த்தியம் காரணமில்லை. நான்தான் காரணம். என் குரல் எழும்பியதும் லோரீன் எடுத்தாள், ஹோபர்ட் எடுத்தான், பிறகு பத்தொன்பது பேரும். வரி கொடுத்தால் எடுக்காமல் இருக்க எங்கள் ஜனத்துக்குத் தெரியாது. அவன் அவமானப்பட்டு நிற்கிறான் என்பதால் இன்னும் பலமாக எடுத்தார்கள். நாங்கள் கோபப்படவில்லை பிரதர், நீ எங்கள் ஆள்தான் என்று அவனுக்குச் சொல்ல அவர்களிடம் வேறு வழி இல்லை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

நடுவில் எனக்குப் புத்தி வந்தது. டெல்ஃபியா, என்ன காரியம் பண்ணுகிறாய், நிறுத்து என்று உள்ளே அலறினேன். வாயை மூடிக்கொண்டேன். யார் கேட்டார்கள்? பாட்டு என்னைத் தாண்டிப் போய்விட்டது. அரை நிமிஷம் ஓடியது. அந்த அரை நிமிஷத்தில் அவன் மேஜை விளிம்பைப் பிடித்துக் காற்றைத் திருடிக்கொண்டான். ஜனங்கள் முடித்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தார்கள், அடுத்த வரிக்கு. அவன் கொடுத்தான். அந்த மடையன், என் மடையன், நிமிர்ந்து நின்று அடுத்த வரியை முழுசாகக் கொடுத்தான்.

நீதிபதி கண்ணைத் திறந்தபோது அவர் கண் ஈரமாக இருந்தது. "நன்றி" என்றார்.

மிஸ் ரென்ஃப்ரோ எழுந்தாள். "ஐயா, முதல் வரிய அவரால முடிக்க முடியல. அது பதிவாகணும்."

"நான் கவனமாத்தான் கேட்டேன், மிஸ் ரென்ஃப்ரோ. எங்கயும் அறுந்த மாதிரி தெரியலையே."

நான் ஹாலோவெல்லைப் பார்த்தேன். அவன் கண்ணை மூடவில்லை. எஸ்டிலின் உதடு நீலமானதை எதிரில் நின்று பார்த்தான். நான் எடுத்ததையும் பார்த்தான். எல்லாம் அவனுக்குத் தெரியும். "எனக்கு வேற கேள்வி இல்ல" என்று சொல்லி உட்கார்ந்துகொண்டான். அறையை விட்டுப் போகும்போது மறுபடியும் எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மிஸ் ரென்ஃப்ரோ நீதிபதிக்கு ஒரு மனு எழுதினாள். நான் சத்தியம் பண்ணி என் வாக்குமூலம் கொடுத்தேன். என்ன பிரயோஜனம்? வழக்கில் லாபம் அடையப்போகிறவள் பேச்சு. நான்கு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. முப்பத்தொரு பக்கம். இருபத்தேழாம் பக்கத்தில் எழுதியிருந்தார். மனுதாரர் தாம் பாடுவதில்லை என்று சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை, வீடியோவைவிட என் காதால் கேட்டதையே நம்புகிறேன், அவர் விசாரணை அறையில் சிரமமின்றி மனதைத் தொடும்விதமாகப் பாட்டை நடத்தினார், ஆகவே ஊதும் சோதனையில் அவர் முழு முயற்சி எடுக்கவில்லை என்ற மருத்துவர்களின் கருத்தை ஏற்கிறேன். மனு தள்ளுபடி.

எஸ்டில் என்னைப் படிக்கச் சொன்னான். சமையலறை மேஜையில் உட்கார்ந்து படித்தேன். மெஷின் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்தை முடித்ததும் காகிதத்தை வைத்துவிட்டுச் சொன்னேன். "எஸ்டில், மொதல்ல எடுத்தது நாந்தான்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"முப்பத்தொம்பது வருஷமா கேக்கற கொரல் தெரியாதா?" அவன் மூச்சு வாங்கக் காத்திருந்தான். "சபைல மூடறதும் தெரியும். நீ இருக்கேன்னுதான் எந்திரிச்சு நின்னேன்."

"அப்ப ஏன்யா ஒண்ணும் சொல்லல?"

"என்னத்தச் சொல்றது? அன்னிக்கு என்னை விழ விட்டிருக்கணும், டெல்ஃபியா."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "நீ குழாயக் கழட்டாம இருந்திருக்கணும்! ரெண்டாவது வரியக் கொடுக்காம இருந்திருக்கணும்! அந்த நாய்கிட்ட சாயங்காலம் வரைக்கும்னு பீத்தாம இருந்திருக்கணும்!" மேஜையைத் தட்டிக் கத்தினேன். கத்தி முடித்து அழுதேன். அவன் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. அந்தக் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து மடித்து வைத்தான்.

மேல்முறையீட்டில் நீதிபதி யாரை நம்பினார் என்பதைத் தொடமாட்டார்கள் என்று மிஸ் ரென்ஃப்ரோ சொல்லிவிட்டாள். மிச்சம் இருப்பது ஒரு வழி. தீர்ப்பு வந்து ஒரு வருஷம் ஆனபிறகு புது மனுப் போடலாம். ஆனால் அவன் உடம்பு முன்னைவிட மோசமாகியிருக்கவேண்டும், அதைக் காட்டவும் வேண்டும். அப்படியே இருந்தால் செல்லாது. "தேதி போட்டு எழுதி வச்சுக்குங்க" என்றாள். "என்னென்ன முடியல, எப்பலேர்ந்து முடியலன்னு. அன்னன்னிக்கு எழுதினதுன்னா மதிப்பு." அதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது ஏழு மாதம் ஆகிறது. பால்கணக்கு எழுதுகிற நோட்டில் எழுதுகிறேன். காலையில் அவன் கட்டிலிலிருந்து எழுந்து சமையலறைக்கு வருவான். அடுப்புப் பக்கம் நின்றுகொண்டு எத்தனை தடவை நிற்கிறான் என்று எண்ணுவேன். அவன் உதவிக்கு நான் போகக்கூடாது, போனால் கணக்குக் கெட்டுவிடும். குளிர்காலத்தில் மூன்று வாரம் அவன் உடம்பு கொஞ்சம் தேறியது. எனக்குத் தூக்கமே வரவில்லை. சொல்லக்கூடாத விஷயம், சொல்லிவிட்டேன்.

இன்று காலை சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். அலமாரிக்குப் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றான். நாற்காலியில் விழுந்தமாதிரி உட்கார்ந்து, மெஷினை மாட்டிக்கொண்டு, பேச்சு வரும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எத்தன?" என்றான்.

"நாலு."

"நேத்து மூணுதானே?"

"மூணு."

அவன் முகம் தெளிந்தது. எனக்கும்தான். காப்பியை அவன் முன்னால் வைத்தேன்.

"அப்ப எழுதிக்க" என்றான்.